லெனினை ஏற்றிச் சென்ற கப்பல் யாருடையது? போரே கம்பெனியின் கதை

"1907 டிசம்பரில் லெனின் பின்லாந்திலிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போனபோது ஏறிய நீராவிக் கப்பல் எந்தக் கம்பெனியுடையது? அந்தக் கம்பெனி பிறகு என்ன ஆனது?" என்பது கேள்வி.

கப்பலின் பெயர் போரே. கம்பெனியின் பெயரும் போரே. பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் துர்க்கு நகரத்து வியாபாரிகள் 1897-ல் தொடங்கிய சிறிய கம்பெனி அது. லெனினால்தான் அந்தப் பெயர் வெளியுலகத்தின் காதில் விழுந்தது. ஆனால் லெனின் அதற்கு ஒரு நாள் பயணி, அவ்வளவுதான். அந்தக் கம்பெனி எதற்காகப் பிறந்தது, பெரிய கம்பெனிகளுக்கு நடுவே எப்படி 80 ஆண்டுகளுக்கு மேல் பயணிகளை ஏற்றி இறக்கியது என்பது எனக்கு அதைவிடப் பிடித்த கதை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடலை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் உறையும் என்பதே நம்ப முடியாத விஷயமாக இருக்கும். பால்டிக் கடல் உறையும். கடல் என்றாலும் அதில் உப்பு மிகக் குறைவு. பெருங்கடலில் ஆயிரம் கிராம் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். துர்க்குவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையில் 6, 7 கிராம்தான். நிறைய ஆறுகள் வந்து கலக்கின்றன, டென்மார்க் பக்கத்துக் குறுகலான வாசல்கள் வழியாக மட்டுமே உப்புநீர் உள்ளே வருகிறது. உப்பு குறைந்த நீர் சீக்கிரம் உறைந்துவிடும். வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றே கீழே போனாலும் போதும்.

இன்னொன்று, துர்க்குவுக்கு வெளியே திறந்த கடல் உடனே வந்துவிடாது. ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகள். அவற்றைத் தாண்டினால் ஓலாந்துத் தீவுக்கூட்டம், அதற்கு அப்பால் கொஞ்சம் திறந்த கடல், பிறகு ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள தீவுகள். கப்பல் ஏறக்குறைய வழி முழுவதும் தீவுகளுக்கு நடுவே சந்து சந்தாகப் போக வேண்டும்.

இந்த வழி பழையது. பின்லாந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்தது. 1638-ல் ஸ்டாக்ஹோமுக்கும் துர்க்குவுக்கும் ஓலாந்து வழியாகத் தபால் பாதை போடப்பட்டது. தபாலைக் கொண்டுபோகும் பொறுப்பு வழியிலிருந்த தீவு விவசாயிகளுடையது. கோடையில் துடுப்புப் போட்டார்கள், பாய் விரித்தார்கள். குளிர்காலத்தில் பனி கெட்டியாக இருந்தால் சறுக்குவண்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் உயிர் போகும். பனி படகை விடாது, மனிதனையும் தாங்காது. படகைப் பனிமேல் இழுப்பார்கள், பனி உடைந்தால் படகுக்குள் தாவுவார்கள், மறுபடி மேலே ஏறி இழுப்பார்கள். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் பலர். இந்த இரண்டுங்கெட்டான் பருவத்துக்கு பின்னிஷ் மொழியில் 'கெலிரிக்கோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லெனின் வந்து மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

1809-ல் பின்லாந்து ரஷ்யப் பேரரசர் கைக்குப் போனது. எல்லை மாறினாலும் வியாபாரமும் உறவும் ஸ்டாக்ஹோமோடு அறுந்துபோகவில்லை. துர்க்குவின் வணிகக் குடும்பங்களில் பல ஸ்வீடிஷ் பேசுபவை. 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்ததும் கோடைப் பயணம் சுலபமாகிவிட்டது. குளிர்காலம்தான் மாறவில்லை. துறைமுகம் உறைந்ததும் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தார்கள். பின்லாந்தின் தென்முனையில் இருக்கும் ஹாங்கோவில் மட்டும் பனி கொஞ்சம் தாமதமாக வரும், சீக்கிரம் போகும். 1873-ல் அங்கே ரயில் போனது. 1877-ல் 'எக்ஸ்பிரஸ்' என்ற கப்பல் ஹாங்கோவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே குளிர்காலத்தில் ஓடத் தொடங்கியது. 1890-ல் பின்லாந்து அரசு 'முர்தாயா' என்ற பனி உடைக்கும் கப்பலை வாங்கியது. அந்தப் பெயருக்கே 'உடைப்பவன்' என்றுதான் பொருள்.

இதற்குள் 1883-ல் ஹெல்சிங்கியில் ஒரு பெரிய கம்பெனி பிறந்திருந்தது. கேப்டன் லார்ஸ் க்ரோகியுஸ் தொடங்கிய பின்லாந்து நீராவிக் கப்பல் கம்பெனி. ஆரம்பத்தில் சிரியுஸ், ஓரியோன் என்று 2 கப்பல்கள். பிறகு வளர்ந்து, பின்லாந்தின் வெண்ணெயை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது, அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்களை ஹாங்கோவிலிருந்து ஹல் துறைமுகம் வரை கொண்டுபோய்விட்டது. அங்கே இறங்கி, இங்கிலாந்தைக் குறுக்கே ரயிலில் கடந்து, லிவர்பூலில் அட்லாண்டிக் கப்பல் ஏறுவார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்லாந்துக்காரர்கள் ஹாங்கோ வழியாகத்தான் ஊரைவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒரு பெரிய ஆள் ஏற்கெனவே கடையை விரித்திருக்கும்போது, பக்கத்து ஊர்க்காரர்கள் எதற்காகப் புதுக் கம்பெனி தொடங்க வேண்டும்? துர்க்குக்காரர்கள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வழியை. துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு, குளிர்காலத்திலும். கம்பெனிக்கு வைத்த பெயரும் அதையே சொல்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் குளிர்காலத்தை ஓர் அரசனாக உருவகித்து 'போரே ராஜா' என்பார்கள். கிரேக்கர்களின் வடகாற்றுத் தெய்வமான போரியஸ் என்ற பெயரிலிருந்து வந்தது அது. யார் கதவைச் சாத்துகிறானோ அவன் பெயரையே கப்பலுக்கு வைத்து, அவன் நாட்டுக்குள்ளேயே ஓட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்சூட்டல் இது.

முதல் கப்பல் 1898-ல் வந்தது. பனியில் ஓடும் கப்பலுக்கு என்ன வேண்டும் என்று இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் கம்பெனியின் பிழைப்பே அதில்தான் இருந்தது.

பனியைக் கத்திபோல் கிழித்துக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல பனிக் கப்பலின் முன்பக்கம் நீர்மட்டத்தில் சாய்வாக இருக்கும். கப்பல் பனிமேல் ஏறும், தன் எடையால் அதை அமுக்கி உடைக்கும். உடையவில்லை என்றால் பின்வாங்கி, ஓட்டம் எடுத்து, மறுபடி ஏறும். இதற்கு நீராவி எஞ்சின் அருமையான துணை. மெதுவாகச் சுற்றும்போதும் முழு விசையைக் கொடுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் சட்டென்று மாறும். ப்ரொப்பெல்லர் பனிக்கட்டியில் மாட்டினாலும் எஞ்சின் திணறி நின்றுபோகாமல் தாக்குப்பிடிக்கும்.

வெளியே தெரியாத தொல்லைகளும் உண்டு. நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கக் கடல்நீர் வேண்டும். அந்த நீரை உள்ளே இழுக்கும் துவாரத்தில் கூழ்போன்ற பனி வந்து அடைத்துக்கொண்டால், நடுக்கடலில் எஞ்சினை நிறுத்த வேண்டியதுதான். அதனால் குளிர்வித்து வெளியேறும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சத்தை அந்தத் துவாரத்துக்கே திருப்பிவிடுவார்கள். கீழே கரி அள்ளிப் போடுபவர்கள் வேர்வையில் குளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சில அடி தூரத்தில், இரும்புத் தகட்டுக்கு வெளியே, பனிக்கட்டி உரசிக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தில் புதுப் பயணிக்கு முதல் இரவு தூக்கம் வராது.

சரி, லெனினுக்கு வருவோம்.

1905 புரட்சி அடங்கிய பிறகு லெனின் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பக்கத்திலேயே, ஆனால் பின்லாந்து எல்லைக்குள், குவோக்கலா என்ற ஊரில் இருந்தார். பின்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி நிர்வாகம் இருந்ததால் ரஷ்யப் போலீசுக்கு அங்கே கை கொஞ்சம் கட்டப்பட்டிருந்தது. 1907 கடைசியில் அந்தப் பாதுகாப்பும் கரைந்தது. அவர் மேற்கே துர்க்கு நோக்கி ரயிலேறினார். தன்னை யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம் வந்ததும் துர்க்குவுக்கு முன்பே ரயிலிலிருந்து குதித்து, இரவில் பனியில் நடந்து ஊருக்குள் போனார். துர்க்குத் துறைமுகத்தில் போலீஸ் கண்காணிப்பு இருந்தது. அதனால் அங்கே ஏறாமல், கப்பல் போகும் வழியில் ஒரு தீவில் ஏறிக்கொள்வது என்று முடிவானது. அந்தத் தீவின் பெயர் நாகு.

தீவுக்குப் போக வேண்டுமே! டிசம்பர் மாதம். கெலிரிக்கோ. படகுக்கும் வழியில்லை, பனியும் சரியாகக் கெட்டிப்படவில்லை. நிதானத்தில் இருக்கும் எந்த உள்ளூர்க்காரரும் வழிகாட்ட ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கொஞ்சம் குடித்திருந்த 2 விவசாயிகள்தான் துணிந்து அழைத்துப் போனார்கள் என்று அவர் மனைவி க்ரூப்ஸ்கயா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓர் இடத்தில் காலுக்குக் கீழே பனி நகரத் தொடங்கியிருக்கிறது. போயும் போயும் இப்படி அசட்டுத்தனமாகவா சாக வேண்டும் என்று அந்த நொடியில் நினைத்ததாக லெனின் அவரிடம் சொன்னாராம். எப்படியோ கரையேறி, நாகுவில் கப்பலைப் பிடித்து ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஜெர்மனி வழியாக ஜெனீவா.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பனிமேல் நடந்த அந்த நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. ஒரு மனிதன் நடந்து கடப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த அந்தப் பருவத்தில், ஒரு நீராவிக் கப்பல் வழக்கமான தன் வேலையாக அந்தத் தீவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. 10 ஆண்டுகளுக்கு முன் துர்க்கு வியாபாரிகள் எதற்காகப் பணம் போட்டார்களோ, அது நடந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல் ஓடவில்லை என்றால் லெனினின் திட்டமே வேறாகியிருக்கும்.

இனி கம்பெனி எப்படிப் பிழைத்தது என்ற கேள்வி. 1 வழி, ஓரிரு கப்பல்கள், எதிரே க்ரோகியுஸின் பெரிய கம்பெனி. வழக்கமாக என்ன நடக்கும்? பெரியவர் கட்டணத்தைக் குறைப்பார், சின்னவர் மூச்சுத் திணறி கப்பலை விற்பார். உலகம் முழுவதும் கப்பல் தொழிலில் நடந்த கதை இது. இங்கே அப்படி நடக்கவில்லை. 1904-ல் இரண்டு கம்பெனிகளும் பின்லாந்து-ஸ்வீடன் போக்குவரத்தில் சேர்ந்து வேலை செய்ய ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1909-ல் அந்த ஒப்பந்தம் முறிந்தது, 1910-ல் மறுபடி சேர்ந்தார்கள். ஒரு வருடம் பிரிந்திருந்து பார்த்ததே இரண்டு தரப்புக்கும் போதுமான பாடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒரே இரவில் ஒரே வழியில் 2 கப்பல்கள் பாதிப் பாதி நிரம்பி, கரியைக் கொட்டி எரித்துக்கொண்டு போவதில் யாருக்கு லாபம்? பனிக்காலத்தில் அது இன்னும் பெரிய நஷ்டம், ஏனென்றால் பனியில் ஒரு மைல் போக ஆகும் கரி கோடையில் ஆவதைவிடப் பல மடங்கு.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. பால்டிக் முழுவதும் கண்ணிவெடிகள். 1917 டிசம்பர் 6 அன்று பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது; 1918-ல் உள்நாட்டுப் போர். அந்த 1918-லேயே கூட்டணி புதுப்பிக்கப்பட்டு, ஸ்டாக்ஹோமின் ஸ்வெயா என்ற கம்பெனியும் சேர்ந்தது. இனி மூன்று பேர். 1928-ல் ஹெல்சிங்கி-ஸ்டாக்ஹோம் வழியும் ஒப்பந்தத்துக்குள் வந்தது.

இதற்கு நடுவே, 1920-களில், போரே கம்பெனி துர்க்குவின் ரெட்டிக் குடும்பத்தின் கைக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்த ஊரில் புகையிலைத் தொழிற்சாலை நடத்திவந்த குடும்பம். பின்னால் எத்தனையோ கம்பெனிகள் கடன்காரர்களிடம் மூழ்கியபோது, அவசரப்படாத ஒரு முதலாளி பின்னால் இருந்தது போரேவுக்குப் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். சுமார் 70,000 பின்லாந்துக் குழந்தைகள், பெற்றோர் இல்லாமல், போரில் சேராத ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டார்கள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு பகுதியினரை வடக்கே ரயிலிலும் ஒரு பகுதியினரைத் துர்க்குவிலிருந்து கப்பலிலும் ஏற்றினார்கள். வியாபாரிகளும் மாணவர்களும் தேனிலவுத் தம்பதிகளும் போன அதே கடல்வழி. திரும்பி வரும்போது தாய்மொழியை மறந்துபோயிருந்த குழந்தைகள் உண்டு. திரும்பாமல் அங்கேயே வளர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

போர் முடிந்ததும் பின்லாந்து சோவியத் யூனியனுக்கு 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்களை ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கப்பல்களும் அடக்கம். அந்தக் கடனைத் தீர்த்தது 1952-ல். அதே ஆண்டில்தான் ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்து, ஸ்வீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்வரலாம் என்று வந்ததும் அதே ஆண்டில்தான். மூன்று கூட்டாளிகளும் ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து ஆளுக்கொரு கப்பல் கட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரே அச்சு: பின்லாந்துக் கம்பெனிக்கு ஆல்லோதார், போரேவுக்கு போரே III, ஸ்வெயாவுக்கு பிர்கர் யார்ல். போட்டிகள் தொடங்குவதற்குள் ஆல்லோதார் மட்டும்தான் தயாரானது. மற்ற இரண்டும் விளையாட்டு முடிந்த பிறகு வந்தன.

ஆனால் மூன்றுமே பழைய பாணிக் கப்பல்கள். மக்கள் காரோடு பயணம் போக ஆசைப்படத் தொடங்கியிருந்தார்கள். பழைய கப்பலில் கார் ஏற்றுவதென்றால் கிரேன் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். 1957-ல் மூவரும் சேர்ந்து சில்யா என்ற துணைக் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1961-ல் அது இறக்கிய 'ஸ்காண்டியா'தான் வட பால்டிக்கில் காரும் பயணியும் போவதற்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய ஃபெர்ரி. சில்யா என்ற பெயரைப் பயணம் போகிறவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் பிறந்ததில் மூன்றில் ஒரு பங்கு போரேவுக்கு உண்டு.

1959-ல் வைக்கிங் என்ற பெயரில் போட்டிக் கப்பல் வந்தது, குறைந்த கட்டணம், வரியில்லாக் கடை. வேலை தேடி ஸ்வீடன் போன கூட்டம் வேறு: 1969, 1970 இரண்டே ஆண்டுகளில் சுமார் 80,000 பின்லாந்துக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. 1975-ல் மூன்று கூட்டாளிகளும் பிரான்ஸின் நான்த் நகரில் கட்டிய 3 பெரிய ஃபெர்ரிகளை இறக்கினார்கள். போரேவின் கப்பல் 'போரே ஸ்டார்'. அதோடு சின்னக் கம்பெனியின் தோள் வலிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தலைமுறைக் கப்பலுக்கும் போட வேண்டிய முதல் பல மடங்கு ஏறியது. 1980-ல் போரே பயணிகள் போக்குவரத்திலிருந்து விலகியது. போரே ஸ்டார் 'சில்யா ஸ்டார்' ஆனது. கம்பெனி மூடப்படவில்லை, லாரிகளையும் காகிதச் சுருள்களையும் நேரே உள்ளே ஓட்டி ஏற்றும் ரோரோ சரக்குக் கப்பல்களோடு தன் வழியைத் தொடர்ந்தது. அந்த முடிவைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். விலகாமல் நின்ற பெரிய பெயர்கள் அடுத்த 10, 15 ஆண்டுகளில் கடனிலும் கைமாற்றத்திலும் எப்படிச் சிதறின என்று பார்த்தால், சரியான நேரத்தில் எழுந்து போனவர்கள் இவர்கள்.

கடைசியாக ஒரு கப்பல் மீதி இருக்கிறது. 1960-ல் ஸ்வீடனின் ஓஸ்கார்ஷாம்ன் தளத்தில் கட்டி போரே வாங்கிய கப்பல், பெயர் மறுபடியும் வெறும் 'போரே'. உலகமே டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் நீராவியையே கேட்டார்கள். வட ஐரோப்பிய நாடுகளில் கட்டப்பட்ட கடைசிப் பயணிகள் நீராவிக் கப்பல்களில் அது ஒன்று. கேபின்களில் மரப் பலகை, பித்தளை, அமைதியான எஞ்சின். காருக்குப் பக்கவாட்டுக் கதவு மட்டும். ஒரே ஆண்டு கழித்து ஸ்காண்டியா வந்ததும் பழசாகிப்போன கப்பல்.

அது கைமாறி 'போரேயா' ஆனது. 1987-ல் பின்லாந்தின் கோத்கா நகரத்துக் குடும்பம் ஒன்று வாங்கி, நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்து, 'க்ரிஸ்தீனா ரெகீனா' என்ற பெயரில் உல்லாசப் பயணங்களுக்கு ஓட்டியது. 20 ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஓடியது. 2010-ல் எரியக்கூடிய பொருட்களால் கட்டிய பயணிகள் கப்பல்கள் சர்வதேசப் பயணம் போகக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எந்த மரப் பலகைகள் அதற்கு அழகோ, அவையே அதன் ஓட்டத்தை நிறுத்தின. உடைக்கக் கொண்டுபோகாமல் துர்க்குவுக்கே கொண்டுவந்து, பழைய பெயரை எழுதி, ஔரா ஆற்றில் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கட்டிவைத்தார்கள். தங்கும் விடுதியாக்கினார்கள். அதன் பழைய கூட்டாளி பிர்கர் யார்லும் இதேபோல ஸ்டாக்ஹோமில் விடுதியானது.

லெனின் ஏறியது இந்தக் கப்பல் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று என்பதால் சுற்றுலாப் பயணிகள் பலர் குழம்புகிறார்கள். அவர் ஏறியது 1898-ன் போரே. ஆற்றில் நிற்பது 1960-ன் போரே. துர்க்கு போகிறவர்களால் முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஆறு உறைந்திருந்தால், ராத்திரி கேபினில் படுத்திருக்கும்போது, இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் பனி முனகுவது காதில் விழும்.